பொன்னாடை போதுமா?

கலைஞரைப் போற்றுவதில் தமிழகத்துக்கு நிகர் தமிழகமே என்று மேடைதோறும் முழங்குகிறோம். மாலைக்குப் பஞ்சமில்லை, பொன்னாடைக்குப் பஞ்சமில்லை, பட்டத்துக்கும் பாராட்டுரைக்கும் பஞ்சமே இல்லை. பஞ்சம் ஒன்றே ஒன்றுக்குத்தான்: விழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு, அடுத்த மாதமும் அடுப்பு எரியும் என்ற உறுதிக்கு! அந்த உறுதியை அளிக்கும் கடமை அரசுக்கு உண்டா? உண்டெனில், அஃது அருளாக வர வேண்டுமா, உரிமையாக வர வேண்டுமா? இவ்வினாவை மயிலாப்பூர் சபாக்களின் வாயிலில் நின்று கேட்டால் ஒரு விடை கிடைக்கும். வடசென்னையில், இராயபுரத்தில் நின்று கேட்டால் வேறொரு விடை கிடைக்கும். இரண்டாவது விடையே நாட்டுக்குத் தேவை என்பது நம் கருத்து.

இராயபுரம் உழைப்பின் ஊர். தென்னாட்டின் முதல் புகைவண்டி 1856-ஆம் ஆண்டில் இங்கிருந்துதான் புறப்பட்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோள்களும், காசிமேட்டில் வலை இழுத்த கைகளும், ஆலைகளில் இரவுப் பணி பார்த்த கண்களும் சேர்ந்து வளர்த்த ஊர் இது. 1949 செப்டம்பர் 18-ஆம் நாள், கொட்டும் மழையிடையே, திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவும் இங்கேதான் இருக்கிறது. ஆகவே, இயக்கத்தின் பெயரால் ஆட்சி நடத்திய எவரும், நடத்தப்போகும் எவரும், இராயபுரம் எழுப்பும் வினாவைக் காதில் வாங்காமல் கடந்துபோக உரிமையற்றவர்கள்.

இந்த ஊரின் பாட்டுக்குக் கானா என்று பெயர். அதற்கு ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. நாவிலேயே பிறந்து நாவிலேயே வளரும். சட்டியும் குடமும் பலகையும் தாளமாகும். வசதி இருந்தால் டோலக்கு வரும். இழவு வீட்டில் அழுகை ஓய்ந்த நள்ளிரவில், விடியும் வரை உறவினரைத் துணையிருக்கச் செய்வது அந்தப் பாட்டு. இறந்தவன் யார், எங்கே உழைத்தான், யாரை விட்டுச் சென்றான் என்பதையெல்லாம் அங்கேயே கேட்டு, அங்கேயே கட்டி, எதுகையும் மோனையும் இடறாமல் பாடுகிறான் பாடகன். செல்வம் நில்லாது, உடல் நில்லாது என்னும் சித்தர் மரபின் குரலை அதில் கேட்கலாம். வடசென்னையில் வாழ்ந்து 1838-இல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபின் நினைவையும் அந்தப் பாடகர் கூட்டம் இன்றளவும் போற்றி வருகிறது.

குறையே இல்லாத கலை என்று நாம் கூறவில்லை. பெண்ணை இழித்துப் பேசும் பாட்டும் கானாவில் உண்டு. அரிவாளை மெச்சும் பாட்டும் உண்டு. அவற்றைக் கண்டிக்கத் தயங்குவது திறனாய்வாகாது. ஆனால் கண்டிப்பதற்கும் முதலில் அதனைக் கலையென ஏற்று, காது கொடுத்துக் கேட்க வேண்டும் அல்லவா? கேளாமலே 'கொச்சை' என்று முத்திரை குத்துவோரிடம் நாம் கேட்கிறோம்: 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றியபோது, தமிழ்ப் பாட்டைத் துக்கடா என்று கச்சேரியின் கடைசிக்குத் தள்ளியவர்களும் இதே குரலில்தானே பேசினார்கள்? அன்று தள்ளப்பட்டது மொழி. இன்று தள்ளப்படுவது அம்மொழியைப் பேசும் மக்கள். தள்ளும் கை மட்டும் மாறவில்லை.

2017-இல் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் இசை நகரமாகச் சேர்த்தது. பெருமைதான்! ஆனால் இசை நகரம் என்றவுடன் நம் கற்றோர் கண்முன் வந்து நிற்பது எது? மார்கழிக் குளிர், பட்டுச் சேலை, சபா வாயில், சிற்றுண்டிச் சாலை. மூலகொத்தளத்துச் சுடுகாட்டு வழியில் ஒலிக்கும் பாட்டு அந்தக் கற்பனையில் இடம்பெறுவதில்லை. 2020-இல் இலண்டனிலுள்ள பிபிசி நிறுவனம் உலகின் நூறு பெண்களைத் தேர்ந்தெடுத்தபோது, இராயபுரத்தில் வளர்ந்த கானாப் பாடகி இசைவாணியின் பெயர் அதில் இருந்தது. ஆடவர் மட்டுமே ஆண்ட அரங்கில் துணிந்து ஏறியவர் அவர்; இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில் உருவாகி, 2018 சனவரியில் முதன்முதலாக மேடையேறிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் குரல்களில் ஒருவர். கடல் கடந்து கேட்ட குரல் அது. கோட்டையில் எழுதப்படும் கொள்கை ஏடுகளில் அக்குரலுக்கும், அதைப்போல் பெயர் வெளிவராத நூறு குரல்களுக்கும் என்ன வழி வகுத்திருக்கிறோம்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்பது பொய். செய்ததைச் சொல்வோம். 1955-இல் சங்கீத நாடக சங்கம் என்ற பெயரில் தோன்றிய அமைப்பு, 1973-இல் இயல் இசை நாடக மன்றமாகத் தமிழ்ப் பெயர் பெற்றது. கலைமாமணிப் பட்டம் அதன் வழியே வழங்கப்படுகிறது. நலிந்த நிலையில் வாழும் கலைஞர்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு; அது 2021-இல் 2,000 ரூபாயிலிருந்து 3,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது. அதே ஆண்டில் தொடங்கிய சென்னை சங்கமம், பறையையும் கரகத்தையும் ஒயிலையும் தலைநகரின் பூங்காக்களுக்கு அழைத்து வந்தது. இடையில் நின்று, 2023-இல் மீண்டும் எழுந்தது. மன்றத்துக்குள் அடைபட்டிருந்த மதிப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்த செயல் அது. அதனை எவரும் மறுக்க முடியாது; மறுக்கவும் கூடாது.

ஆயினும் இந்தத் திட்டங்களின் சொற்களைக் கவனியுங்கள். ஒரு கையில் 'கலைமாமணி'. மறு கையில் 'நலிந்த கலைஞர்'. முடி ஒன்று, திருவோடு ஒன்று! இரண்டுக்கும் இடையே, உழைத்து வாழும் கலைஞன் என்று ஒருவன் இருக்கிறானே, அவனுக்கு நம் அரசாங்க அகராதியில் சொல்லே இல்லை. புகழின் உச்சிக்கு ஏறினால் அரசு வணங்கும். வறுமையின் அடியில் வீழ்ந்தால் அரசு இரங்கும். நடுவில், நாற்பது வயதில், நல்ல குரலோடு, வேலை இல்லாத மாதத்தில் நிற்பவனை அரசு காணாது. உதவி பெற வேண்டுமானால் அவன் தன் கலையைக் காட்டினால் போதாது. தன் நலிவைக் காட்ட வேண்டும். பாடிக் காட்டியவனுக்குப் பரிசு என்பது பழைய காலம். வாடிக் காட்டியவனுக்கு உதவி என்பது நம் காலம்!

நல வாரியத்தையும் பாருங்கள். பிள்ளையின் கல்விக்கு உதவி, திருமணத்துக்கு உதவி, மகப்பேற்றுக்கு உதவி, கண்ணாடிக்கு உதவி, விபத்துக்கு உதவி, இறந்தால் குடும்பத்துக்கு உதவி. ஒவ்வொன்றும் நன்றே. ஆனால் இவை எல்லாத் தொழிலாளர் வாரியங்களுக்கும் பொதுவான அச்சு. கலைஞனின் தொழிலுக்கே உரிய துன்பம் எது? திருவிழாக் காலத்தில் ஓயாத வேலை, அது கழிந்தால் ஓயாத ஓய்வு. அந்தத் துன்பத்துக்கு மருந்து இந்தப் பட்டியலில் இல்லை. வாரியம் அறிந்த கலைஞன் மணம் முடிக்கிறான், பிள்ளை பெறுகிறான், கண்ணாடி அணிகிறான், இறந்தும் போகிறான். பாடுவதில்லை, ஆடுவதில்லை, பறை முழக்குவதில்லை! அவன் செய்யும் வேலையைத் தவிர மற்ற அனைத்தையும் நாம் கணக்கில் எடுத்துக்கொண்டோம்.

புறநானூற்றுக் காலத்துப் பெருஞ்சித்திரனார் நினைவுக்கு வருகிறார். அதியமான் நெடுமான் அஞ்சி, தம்மைக் காணாமலே பொருள் கொடுத்தனுப்பியபோது, அதை ஏற்க மறுத்தவர் அப்புலவர். வறுமை அவருக்கும் இருந்தது. எனினும், தம் புலமையைப் பாராத கொடை தமக்கு இழிவு என்று அவர் கருதினார். ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, கலையைப் பாராமல் வறுமையை மட்டும் பார்த்துக் கொடுக்கும் முறையைக் கொள்கை என்று எழுதி வைத்திருக்கிறோம். பழம்பெருமை பேசுவதில் நாம் வல்லவர்கள். அதனால் வரும் பாடத்தைப் படிப்பதில்தான் சற்றுச் சோம்பல்.

பாடம் படிக்கச் சங்க காலம் வரை செல்லவும் வேண்டாம். இராயபுரத்துக்குத் தெற்கே சில நிமிட நடையில் துறைமுகம் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. வாயிலில் கூட்டமாக நின்றவர்களில் மேஸ்திரி விரல் நீட்டியவனுக்கு அன்று சோறு, மற்றவனுக்கு வெறுங்கை. கலைஞனின் இன்றைய நிலை இதுவேயன்றி வேறென்ன? ஏற்பாட்டாளர் விரல் நீட்டினால் மேடை, இல்லையேல் வீடு. துறைமுகத்தில் இந்தக் கொடுமையைப் பொன்னாடை தீர்க்கவில்லை, சட்டம் தீர்த்தது. 1948-இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. 1950-களில் சென்னையிலும் தொழிலாளர் வாரியம் இயங்கத் தொடங்கியது. தொழிலாளி பதிவு பெற்றான். வேலை முறைவைத்துப் பகிரப்பட்டது. ஆயத்தமாக வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்கு ஒரு தொகை என்ற நெறி ஏற்கப்பட்டது. பின்னாளில் சரக்குப் பெட்டகங்கள் வந்தன, சுமக்கும் தோள்களின் தேவை சுருங்கியது, வாரியமும் துறைமுகத்தோடு இணைந்துவிட்டது. வாரியம் மறைந்தாலும் அது நாட்டிய நெறி மறையவில்லை: வேலை இல்லாமை தொழிலாளியின் குற்றமன்று, தொழிலின் இயல்பு. அந்த இயல்பின் சுமையை அவன் ஒருவனே சுமக்கக் கூடாது.

காசிமேட்டுக்குச் செல்லுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. மீன் பெருக வேண்டும் என்பதற்காக மீனவன் காத்திருக்கிறான். காத்திருக்கும் காலத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. அந்தத் தொகை 8,000 ரூபாயாக உயரும் என்று 2023-இல் அறிவிக்கப்பட்டது. போதுமா என்பது வேறு வாதம். ஆனால் எந்த மீனவனையும் 'நலிந்த மீனவன்' என்று சான்று வாங்கிவரச் சொல்வதில்லை. மீன்பிடித் தொழில் செய்பவனா என்றே கேட்கிறார்கள். ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில், அண்ணன் கடலுக்குப் போகிறான், தம்பி பாடப் போகிறான். அண்ணனின் காத்திருப்பு தொழிலின் பகுதி; தம்பியின் காத்திருப்பு சோம்பலா?

உலகம் இந்த வினாவுக்கு விடை தேடியிருக்கிறது. 1980-இல் பெல்கிரேடில் கூடிய யுனெஸ்கோ மாநாடு, கலைஞனின் நிலை பற்றிய பரிந்துரையில், மற்றத் தொழிலாளர்க்குள்ள பாதுகாப்பு கலைஞர்க்கும் கிட்ட வேண்டும் என்று கூறிற்று. பிரான்சு நாட்டில் 1936-இல் திரைத் தொழிலாளருக்காகத் தொடங்கி, பின்னர் மேடைக் கலைஞருக்கும் விரிந்த முறை ஒன்று உண்டு. ஆண்டுக்கு 507 மணி நேரம் உழைத்ததாகக் காட்டும் கலைஞர், வேலையற்ற நாட்களுக்குக் காப்பீட்டுத் தொகை பெறுகிறார். அயர்லாந்து 2022-இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ வழங்கும் சோதனையைத் தொடங்கியது. தகுதியுடையோரிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தது. பரிந்துரைக் கடிதம் இல்லை, பெரிய மனிதர் வீட்டு வாயில் இல்லை! செல்வ நாடுகளின் செயல் நமக்கு எட்டாது என்பார்கள். தொகை எட்டாதிருக்கலாம், நெறி எட்டாததா? அந்த நெறியை நம் துறைமுகமே எழுபது ஆண்டுகளுக்கு முன் கற்றுக்கொண்டதே!

பணம் இல்லை என்ற பேச்சையும் சற்று நிறுத்துப் பார்ப்போம். 2006-இல் தமிழில் பெயர் சூட்டிய திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அறிவிக்கப்பட்டது. மொழிப் பற்றினால் எழுந்த ஆணை. நோக்கத்தைக் குறை கூறோம். ஆனால் அந்த விலக்கின் பயன் எவரிடம் சென்று சேர்ந்தது? படத்தின் பெயர்ப்பலகைக்கா, படத்தில் ஒலித்த தெருப் பாட்டைத் தந்தவனுக்கா? கானா மெட்டு 1990-களில் திரையிசையில் ஏறி, திரையரங்குகளை அதிர வைத்தது. அம்மெட்டைப் பேணி வளர்த்த குடிசைக்கு அதிலிருந்து எவ்வளவு வந்தது? பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் நல்ல திருத்தம் ஒன்று வந்தது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத் தொகைப் பங்கை எழுதிக் கொடுத்து இழக்க முடியாது என்றது. ஆனால் பெயர் எழுதி வைக்காத பாட்டுக்கு, இழவு வீட்டில் இரவோடு இரவாகக் கட்டிய பாட்டுக்கு, ஆசிரியர் யாரென்று எந்த ஏட்டில் தேடுவது? சட்டம் ஏடு படிக்கிறது; கானா ஏடு எழுதுவதில்லை. இடையில் நிற்பவன் இலாபம் எழுதிக்கொள்கிறான்.

இப்போது 'படைப்புப் பொருளாதாரம்' என்ற புதுச் சொல் உலவுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2021-ஆம் ஆண்டையே அதற்கென ஒதுக்கியது. 2025 மே மாதம் மும்பையில் ஒன்றிய அரசு நடத்திய மாநாட்டில், அதற்கு 'ஆரஞ்சுப் பொருளாதாரம்' என்று நிறமும் பூசினார்கள். திரையும் கணினி விளையாட்டும் ஏற்றுமதியும் பற்றிப் பேச்சு நிறைந்திருந்தது. பேசட்டும். ஆனால் பழம் எந்த நிறமாயினும், வேருக்கு நீர் வார்ப்பவர் யார் என்று கேட்பது நம் கடமை. கலையை வருவாயாக மட்டும் எண்ணுகின்ற பொருளாதாரம், கலைஞனைச் செலவாக எண்ணத் தொடங்கும். செலவைக் குறைப்பதே அதற்குச் சாமர்த்தியம்.

ஒரு மறுப்பு எழும். அது மதிக்கத்தக்க மறுப்பு. "அரசின் கூலியைப் பெறும் கலைஞன் அரசைக் கண்டிப்பானா? நடிகவேள் எம்.ஆர். இராதா மானியம் வாங்கியிருந்தால் அந்த நாடகங்களை நடத்தியிருப்பாரா?" என்பார்கள். வரலாற்றைப் புரட்டுவோம். இராதாவின் வாயை அடைக்க அரசு மானியம் கொடுக்கவில்லை. 1954-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. கட்டுப்படுத்த விரும்பும் அரசுக்குக் காசு தேவையில்லை, காவல் போதும். வேதனையோடு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நாடகத்தால் வளர்ந்த இயக்கம் 1967-இல் ஆட்சி ஏறிய பின்னும் அந்தச் சட்டம் ஏட்டை விட்டு நீங்கவில்லை. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம்தான் அதன் முதன்மைப் பிரிவுகள் செல்லா என்று தீர்த்தது. இதிலிருந்து பெறும் படிப்பினை என்ன? கலைஞனை அடிமையாக்குவது பணமன்று, தயவு. அமைச்சர் மனம் வைத்தால் கிடைப்பது, அதிகாரி முகம் சுளித்தால் நிற்பது, கட்சி மாறினால் பட்டியல் மாறுவது என்றிருக்கும் உதவிதான் துதிபாடிகளை வளர்க்கிறது. சட்டப்படி வரும் ஊதியம் எவனுடைய தயவும் அன்று. துறைமுகத் தொழிலாளி அரசு நிறுவனத்திடம் கூலி பெற்றுக்கொண்டே அரசை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யவில்லையா?

ஆகவே, செய்ய வேண்டியவை இவை என்று நமக்குத் தோன்றுகிறது.

முதலாவது, பதிவுக்கு அளவுகோல் வறுமையாக இருத்தல் ஆகாது. தொழிலாக இருத்தல் வேண்டும். இழவு வீட்டில் பாடியவனிடம் இரசீது கேட்பது நகைப்புக்குரியது. உடன் பாடுவோரும் அப்பகுதி மக்களும் அளிக்கும் சான்றே போதும் என்றிருக்க வேண்டும். எது கலை என்று தீர்ப்பளிக்கும் குழுவில், சபாவை மட்டும் அறிந்தவர்கள் அமர்ந்தால் போதாது. கானாவும் கூத்தும் பறையும் அறிந்தவர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும்.

இரண்டாவது, பொதுப் பணம் ஒரு ரூபாய் செலவாகும் மேடையிலும் கலைஞனுக்குக் குறைந்தபட்சக் கூலி சட்டத்தால் வரையறுக்கப்பட வேண்டும். அது இடைத்தரகர் கையில் தேய்ந்து வராமல், ஆடியவர், பாடியவர், முழக்கியவர் ஒவ்வொருவர் கணக்குக்கும் நேரே சேர வேண்டும்.

மூன்றாவது, மீனவருக்குத் தடைக்கால நிவாரணம் இருப்பதுபோல், பதிவு பெற்ற கலைஞருக்கு வேலையற்ற மாதங்களுக்கான தொகை வேண்டும். 2020-இல் பெருந்தொற்று ஊரடங்கில் மேடைகள் அனைத்தும் ஒரே நாளில் இருண்டபோது, இத்தகைய ஏற்பாடு இல்லாததன் கொடுமையைக் கண்ணாரக் கண்டோம்.

நான்காவது, இடம் வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் வாழும் தெருவில் பயிற்சி செய்வது எங்கே? மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்கள் திருமணம் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கத்தான் வேண்டுமா? அவற்றின் சாவியை மாலை வேளைகளில் அப்பகுதிக் கலைஞர்களிடம் கொடுப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. மனம் ஒதுக்கினால் போதும்.

கலைஞருக்கும் ஒரு சொல். 1918-இல் இதே வடசென்னையில், பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டார்கள். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தலைவாயில் அது. 'நாங்கள் நலிந்தவர்கள், இரங்குங்கள்' என்று அவர்கள் மனுப் போடவில்லை. 'நாங்கள் உழைப்பவர்கள், உரியதைத் தாருங்கள்' என்று நிமிர்ந்து கேட்டார்கள். கானாப் பாடகரும் கூத்தரும் பறைஞரும் தனித்தனியே பெரிய மனிதர் வீட்டு வாயிலில் நிற்கும் வரை, கிடைப்பது ஆடையாகவே இருக்கும். சங்கமாகக் கூடி நின்றால்தான் அது கூலியாக மாறும்.

பொன்னாடை வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. தாராளமாகப் போர்த்துங்கள், தோள் இருக்கிறது. அந்தத் தோளுக்குக் கீழே ஒரு வயிறும் இருக்கிறது என்பதையும், அது ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாளும் பசிக்கிறது என்பதையும் கொள்கை ஏட்டில் எழுதுங்கள். அதை எழுதும் நாளில்தான் சென்னை இசை நகரம் என்ற பெயருக்கு முழு உரிமை பெறும்.